மெஸ்ஸர் வீட்டு முற்றத்து நிழல்

மெஸ்ஸர் வீட்டு முற்றத்தில் பட்டுப்போய் நின்ற செஸ்ட்நட் மரத்தை மார்ச் மாதம் வெட்டிச் சாய்த்து வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அதன் நிழல் மட்டும் அங்கேயே இருந்துவிட்டது. காலையில் அது மேற்கே பன்றிப்பட்டி வரை நீண்டது, உச்சிவெயிலில் வேரடிக்குச் சுருங்கியது, மாலையில் ஓடையைத் தொட்டது. முதலில் கிளைகள் மட்டும் கோடுகோடாகத் தெரிந்தன. மே மாதம் பாதி கழிந்ததும் நிழலில் இலை விட்டது. அதை முதலில் கண்டுகொண்டவை கோழிகள். வெயில் ஏறியதும் வரிசையாகப் போய் அதில் படுத்துக்கொண்டன.

மரத்தை வெட்டியவர்கள் கார்லண்ட் மெஸ்ஸரும் அவனுடைய அண்ணன் ஹோபர்ட்டும். வடக்கிலிருந்து ஒவ்வொரு மலைமுகடாகத் தாண்டி வந்த பட்டை நோய், ஸ்பைசர் ஓடைப் பள்ளத்திலும் ஒரு மரத்தை மிச்சம் வைக்கவில்லை. ஜூன் மாதத்தில் பனி பெய்ததுபோல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்த சரிவுகள் சாம்பல் நிறத்தில் நின்றன. அந்த ஊரில் இலையுதிர்காலம் வந்தால் காதில் வெட்டுக்குறி போட்ட பன்றிகளைக் காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். உதிர்ந்த செஸ்ட்நட் கொட்டையைத் தின்று கொழுத்துத் திரும்பும். மனிதர்கள் பொறுக்கிய மூட்டைகள் கீழே கடைக்குப் போய், உப்பாகவும் காப்பியாகவும் பிள்ளைகளின் காலணியாகவும் மேலே வரும். இப்போது பன்றிகள் விலா எலும்பு தெரியத் திரும்பின, பிள்ளைகள் வெறுங்காலோடு பனியை மிதித்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பஞ்சாலை ஊருக்கு இறங்கிப் போனார்கள். செத்த மரங்களைத் தோல் பதனிடும் ஆலைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். கடைசி மரத்தையும் கொடுத்துவிட்ட கார்லண்ட், சோளம் அறுத்ததும் தாங்களும் கிளம்புவது என்று முடிவுசெய்தான்.

அவன் மனைவி லீத்தா அதற்குச் சம்மதிக்கவில்லை.

"என் தம்பி எர்லி போனானே, நாலு படி ஏறுனா மூச்சு இரைக்குது அவனுக்கு. பஞ்சை மூச்சா இழுக்குறான். நம்ம பிள்ளைங்களையும் அதுக்குள்ள கொண்டுபோய்த் தள்ளணுமா?"

"இங்க இருந்து என்னத்தத் தின்ன? அந்த நிழலையா?"

அதற்கு மேல் அவர்கள் அந்தக் கோடை முழுக்க அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கார்லண்ட் முற்றத்தைத் தாண்டும்போது நிழலை மிதிக்காமல் சுற்றிப்போனான். செத்த மரமே ஆனாலும் தன் கையால் வெட்டியது அவனை உறுத்திக்கொண்டிருந்தது. ஹோபர்ட்டுக்கு அந்தக் கவலை கிடையாது. "நீ வேலை செஞ்ச லட்சணம் அப்படிடா தம்பி. பாதியை அப்படியே விட்டுட்ட," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். இது சாத்தானின் வேலையா என்று பார்த்துச் சொல்லப் போதகர் டீலோஸை அழைத்து வந்தார்கள். அவர் வியர்க்க விறுவிறுக்க வந்து, நிழலில் நின்று, தொப்பியைக் கழற்றி, ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்தார். "வேதத்துல நிழலுக்கு விரோதமா நான் ஒண்ணும் படிக்கல," என்று சொல்லிவிட்டு மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த மறுநாள், அடுப்பையும் கட்டில்களையும் வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். லீத்தா அழவில்லை, வீட்டைப் பெருக்கி, கதவைச் சாத்தி, விளக்குமாற்றை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். கார்லண்ட் கோவேறு கழுதையின் கடிவாளத்தைப் பிடித்தபோது, கடைக்குட்டி வெர்லி முற்றத்தில் வீரிட்டாள். குதிகாலில் முள் முள்ளாக ஏதோ ஏறியிருந்தது. கார்லண்ட் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தால் செஸ்ட்நட்டின் முள்கூடு. அவன் நிமிர்வதற்குள் இன்னொன்று அவன் தொப்பிமேல் விழுந்தது. பிறகு சடசடவென்று விழ ஆரம்பித்தன. கிளைகள் முன்பு இருந்த உயரத்தில், ஒன்றுமில்லாத காற்றிலிருந்து, நிழலின் எல்லைக்குள் மட்டும் விழுந்தன.

கார்லண்ட் அந்த நிழலுக்குள் முதல்முறையாகக் கால் வைத்திருந்தான். ஒரு கூட்டைப் பூட்ஸால் நசுக்கி, பழுப்புக் கொட்டையைப் பல்லால் உரித்துத் தின்றான். பச்சையாகவே இனித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன, நிழல் ருசியா இருக்கா?" என்றாள் லீத்தா.

அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினான். கண்ணீர் தாடியில் இறங்கியது. விழுங்கிய பிறகு சொன்னான்: "அடுப்பை இறக்கு, லீத்தா. கழுதையை நான் அவுக்கிறேன்."

நவம்பர் முடியும்வரை கொட்டை விழுந்தது. மரம் உயிரோடு இருந்த காலத்தில் அவ்வளவு காய்த்ததில்லை. ஹோபர்ட்டின் பன்றிகள் வந்தன, பக்கத்துப் பள்ளத்துப் பன்றிகள்கூட வந்தன. எல்லாம் வயிறு புடைக்கத் தின்றன. காதுக் குறியைப் பார்த்து அவரவர் ஓட்டிப்போனார்கள். பிள்ளைகளுக்குக் காலணி வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஓடைப் பள்ளத்திலிருந்து யாரும் பஞ்சாலைக்கு இறங்கிப் போகவில்லை.

வசந்தத்தில் லீத்தா கொஞ்சம் கொட்டைகளைச் சரிவில் ஊன்றினாள். கன்றுகள் ஆள் உயரம் வந்து, பட்டை வெடித்துச் செத்தன. ஆனால் அவற்றின் நிழல்கள் சாகவில்லை. வருடத்துக்கு வருடம் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஜூன் மாதத்தில் தேனீக்கள் அந்தச் சரிவின் வெற்றுவெளியில் போய் மொய்க்கும். தேன் கறுப்பாக, லேசான கசப்போடு இருக்கும். சோளரொட்டிக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே தொந்தரவு, அந்தப் பக்கம் துணி காயாது. லீத்தா கொடியை வீட்டுக்குப் பின்னால் மாற்றிக் கட்டிக்கொண்டாள்.