பன்னிரண்டாவது பதில்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் 'பதில்காரர்' என்றே பெயர். புகார் வந்த மூன்று நாளுக்குள் பதில் போய்விட வேண்டும், அது அங்கே சட்டம். லிஃப்ட் ஓட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று அச்சடித்த தாளில் தேதி போட்டு முத்திரை குத்துவார். பதினெட்டு வருஷத்தில் ஒரு கடிதம் தவறியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்குக் கை அப்படி ஓடும்.

லிஃப்ட் நின்றுபோன ஒரு குடியிருப்பில் நாலாம் மாடியில் இருந்த ஆங்கில டீச்சரம்மாவுக்கு அப்படிப் பதினொரு பதில் போயிருந்தது. பன்னிரண்டாவது தடவை அந்த அம்மாள் வேறு மாதிரி எழுதினார். உங்கள் தாளின் தலைப்பில் நீங்கள் 'ரெஸ்பாண்ட்' செய்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது, பதிலுக்கு வாக்குக் கொடுப்பது என்று பொருள். ஆக, பதினொரு முறை வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரால் நடக்க முடியாது. வியாழக்கிழமை ஆபரேஷன். போன தடவை கீழே இறங்க வழியில்லாமல் தேதி தவறிப்போனது. எப்போது வருவீர்கள்?

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது, ஆபரேஷனை நினைத்தல்ல, வாக்கு என்ற சொல்லை நினைத்து. வக்கீலைக் கூப்பிட்டார், அகராதி வாங்க ஆள் அனுப்பினார். 'ஆன்ஸர்' என்று போடலாமா என்று பார்த்தால், அது குற்றச்சாட்டை மறுத்துச் சத்தியம் செய்வதில் பிறந்த சொல்லாம். ஐயோ, அது இன்னும் வம்பு. கடைசியில் 'ரிப்ளை'யைப் பிடித்தார்கள். மடித்துத் திருப்புவதுதான் அதற்கு மூலம். நமக்கு இதுதான் தோது என்று மேனேஜர் மூச்சு விட்டார். பொழுது சாய்ந்திருந்தது.

பதில்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பதினொன்றும் தன் கையால் போனவை என்று நினைக்க வெட்கமாக இருந்தது. மறுநாள் வந்ததும் வராததுமாக வெள்ளைத்தாளை எடுத்து, "செவ்வாய் காலை பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். இது வாக்கு" என்று எழுதி, முத்திரை குத்தித் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் மேனேஜரிடம் சொன்னார்.

"யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?"

"முன்னாடி பதினோரு தடவை யாரும் கேக்கலையே சார்."

முத்திரை விழுந்த பிறகு என்ன செய்வது? வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். மெக்கானிக் போனார். நாற்பது நிமிஷ வேலை.

அடுத்த வாரம் டீச்சரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை போனோம், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உங்களுக்குக் கோடி நன்றி. படிக்கப் பதில்காரர் அங்கே இல்லை. அவரைக் கிடங்குக்குத் தூக்கியடித்திருந்தார்கள். அவர் நாற்காலிக்கு வந்தவர் சட்டப்படி மூன்றே நாளில் பதில் அனுப்பினார்: "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது."