இந்திய அணியைக் கிடை போட்ட வருஷம்

புதூர் வேணுகோபால் பந்தோடு ஓடிய இடத்தில் புல் முளைக்கும். அறுகம்புல்தான், வேறு புல் இல்லை. காலையில் ஓடினால் மறுநாள் வெயில் ஏறுவதற்குள் விரற்கடை உயரம் வந்திருக்கும். சும்மா நடந்தால் முளைக்காது, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும் முளைக்காது. காலில் பந்து இருக்க வேண்டும். மழை பொய்த்தால் கரிசல் தரை ஆளின் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் ஊர் அது. அங்கே இதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை, உபயோகம் என்றார்கள்.

அந்த உபயோகத்தைப் பார்த்துத்தான் 1990-ல் சத்தியபாமாவை அவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் அப்பா பசுவந்தனையில் பெரிய ஆட்டுக்காரர். நிலம் எவ்வளவு, படிப்பு எவ்வளவு என்றெல்லாம் கேட்காமல், மாப்பிள்ளை ஆடுகிற தரிசை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். “ஆடு இளைக்காது” என்றார். அதோடு நிச்சயம் முடிந்தது. சீதனமாக ஒரு மந்தை வெள்ளாடு வந்தது.

தாலியில் மஞ்சள் மங்குவதற்குள் கல்கத்தாவில் ஒரு கால்பந்து கிளப் வேணுகோபாலைக் கூப்பிட்டுக்கொண்டது. ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த கோவில்பட்டி சிநேகிதர்கள் எல்லோரும் ஹாக்கிக்காரர்கள். மட்டை வாங்க வக்கில்லாதவன் ஆட்டம் என்று கடைசிவரை கேலி செய்தார்கள். அப்புறம் ஏழு வருஷம் வங்காளத்து மண் செழித்தது. இந்தியச் சட்டை போட்டு அவர் ஆடிய மைதானங்களில் எல்லாம் வழக்கத்தைவிட அடிக்கடி புல் வெட்ட வேண்டியிருந்தது. அங்கே ஏற்கெனவே புல் இருந்ததால் யாருக்கும் காரணம் தெரியவில்லை. சத்தியபாமாவுக்குத் தெரியும். டீக்கடை டிவியில் ஆட்டம் ஓடும்போது அவள் புருஷனைப் பார்க்கமாட்டாள், தரையைத்தான் பார்ப்பாள். வேறு பெண்கள்மேல் அவளுக்குப் பொறாமை வந்ததே இல்லை. அந்தத் தரைமேல் வந்தது.

லீவுக்கு வருகிறவர் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துக் கிடப்பார். நம் நிலத்திலும் ஒரு தடவை ஓடுங்கள் என்று அவள் கேட்கவில்லை, கேட்காமலே செய்ய வேண்டியது என்று இருந்தாள். கேட்டால் ஓடலாம் என்று அவர் இருந்தார். இரண்டு பேருமே பேச்சில் கருமி. வருஷங்கள் போயின. 97-ல் வலது முழங்கால் பிசகி, இனி ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புல் முளைப்பதும் நின்றது. நாலு வருஷம் கழித்து அவரை இந்திய அணிக்குக் கோச்சாகப் போட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற வேலை.

2003-ல், தொடர்ந்து மழை இல்லாத மூன்றாவது வருஷம், விளாத்திகுளம் வரைக்கும் மிளகாய் நின்ற நிலையில் கருகியது. ஆடுகள் கருவேல நெற்றைத் தின்று எலும்பும் தோலுமாகின. சத்தியபாமா பூத்திலிருந்து அவருக்குப் போன் போட்டாள்.

“சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன். ஒண்ணுகூட மிஞ்சாது. அப்பா குடுத்த மந்தை.”

 அந்தப் பக்கம் அவர் ஏதோ நாள் கணக்குப் பார்த்தார்.

“ஒரு சந்தை பொறு. வாரேன்.”

“நீங்க வந்து? காலு இருக்க லட்சணத்துக்கு?”

வந்தார், ஆனால் தனியாக வரவில்லை. அடுத்த வாரம் வெளிநாட்டில் ஒரு ஆட்டம். அதில் தோற்றால் அவர் வேலை போய்விடும். பயிற்சிக்குத் தந்திருந்த மைதானத்தை யாரோ கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதையே சாக்காக வைத்து மொத்த அணியையும் புதூருக்குக் கொண்டுவந்துவிட்டார். பஞ்சாபி, மணிப்பூரி, மலையாளி எல்லாரும் சத்தியபாமா வாசலில் கம்மங்கூழ் குடித்தார்கள். வெடிப்புகளில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கோச் தாம் ஓடிய விதத்தைச் சொல்லிக்கொடுத்தபடி, காலில் பந்தோடு, குதிகால் தரையில் படாமல் ஓடினார்கள். மறுநாள் அத்தனை பேர் தடத்திலும் அறுகு நின்றது. கோல்கீப்பர் இருந்த பக்கம் மட்டும் சொட்டை சொட்டையாக இருந்தது.

விதைப்புக்கு முன்னால் எருவுக்காக நிலத்தில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆகையால் ஓடைக்காட்டில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வன்னியபெருமாள் மறுநாளே வந்து நின்றதில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

“தாயி, வெள்ளிக்கிழமை நம்ம காட்டுல இந்தியா டீமைக் கிடை போடணுமே.”

“சாப்பாடு உங்களோடது அண்ணாச்சி. முட்டை கேப்பாவ. புல்லு எங்க ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கை உங்களுக்கு.”

“சரி. அந்த நெட்டைப் பயலுவ ரெண்டு பேரையும் மேட்டுப் பக்கமா ஓட விடு. அங்கன மண்ணு சத்தில்லாமக் கெடக்கு.”

“அவிய டிபெண்டரு. அவ்வளவு தூரம் ஏறிப் போக மாட்டாவ.”

“ஆடே ஏறிப் போகுது. இவிய மாட்டாவளாக்கும்!”

அணி புறப்பட வேண்டிய நாள் வந்தபோது ஆடுகள் அப்போதுதான் தலை தூக்கியிருந்தன. பசுவந்தனை வரைக்கும் ஆட்கள் கிடைக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தார்கள். இன்னும் பத்து நாள் நிறுத்திவை என்று எல்லாரும் சத்தியபாமாவிடம்தான் வந்தார்கள். அவளுக்கும் நிறுத்தத்தான் ஆசை. சொல்வதற்காகவே காட்டுக்குப் போனாள். வேணுகோபால் கோட்டுக்கு வெளியே, நல்ல காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்றுகொண்டு, பையன் ஒருவன் பந்தைச் சரியாகத் தள்ளியதற்காகக் கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. டிவியில் எத்தனையோ தடவை வந்திருக்கும். அவள் தரையையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைகளக் கூட்டிட்டுக் கெளம்புங்க. ஆடு மழை வரைக்கும் தாங்கும்” என்றாள்.

தாங்குமா என்று அவளுக்கே தெரியாது. போனார்கள். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். டீக்கடையில் ஊரே தலையில் கை வைத்தது. சத்தியபாமா ஆட்டம் முடியும்வரை கோட்டுக்கு வெளியே நின்ற மனுஷனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கோல் விழுந்ததே அடுத்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

வேலை போய், ஒரு பெட்டியும் ஒரு பந்துமாக அவர் ஊர் வந்து சேர்ந்தபோது ஐப்பசி மழை பெய்து முடிந்திருந்தது. ஆடுகள் தாங்கிவிட்டன. வரப்பு, கண்மாய்க்கரை, எங்கே பார்த்தாலும் புல். இனி யாருக்கும் யார் காலும் தேவையில்லை. அப்போதுதான் சத்தியபாமா கேட்டாள்.

“ஏங்க, நம்ம இடத்துல ஒருக்கா ஓடுங்களேன்.”

அவர் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சாக்கும்? டாக்டரு ஓடக் கூடாதுன்னுட்டாரே.”

“அவரு என்ன, ஆடா வளக்காரு?”

வேணுகோபால் செருப்பைக் கழற்றினார். பந்தைத் தட்டிக்கொண்டு தொழுவத்திலிருந்து வாசல் வரைக்கும் கெந்திக் கெந்தி ஓடிவந்து, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அவ்வளவுதான்.

அடுத்த சித்திரையில் ஊர்ப்புல் எல்லாம் காய்ந்த பிறகும் அந்தத் தடம் பச்சையாக நின்றது. அதற்கப்புறம் வந்த கோடைகளிலும் நின்றது. இடது கால் பட்ட இடம் அடர்த்தி, வலது கால் பட்ட இடம் சவலை. காலையில் மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகள் இடது தடத்தைக் கடித்துக்கொண்டே போகும். வலது தடத்தில் வாய் வைக்கப் போனால் மட்டும் சத்தியபாமா கம்பை நீட்டி மறிப்பாள்.