சனிக்கிழமைப் பானை

கறுப்பு உடையின் மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வெர்னா ஒரு முழு வெங்காயத்தைப் பீன்ஸ் பானையின் அடியில் போட்டாள். பிறகு தாராளமாகக் கடுகுப்பொடி. கரும்புப்பாகை மட்டும் பெயருக்கு ஊற்றினாள்.

புருஷன் ஓரின் வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தான். மதியம் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. அமெரிக்காவின் மெய்ன் பக்கத்து ஊர்களில் சனிக்கிழமை ராத்திரி என்றால், பாகு ஊற்றி ஓவனில் நாள் முழுக்க வேகவைத்த பீன்ஸ் பயறுதான். சாவு வீடானாலும் அதற்கு விடுப்பு கிடையாது.

முப்பது வருஷமாக வெர்னாவுக்குத் தனக்கென்று ஒரு சனிக்கிழமை இருந்ததே இல்லை. காலையில் பானை ஓவனுக்குள் போனால் சாயங்காலம்வரை மணிக்கொரு தரம் தண்ணீர் விட வேண்டும். தங்கை கல்யாணத்திலிருந்துகூடப் பாதியில் எழுந்து ஓடி வந்தவள். அத்தனையும் மாமியார் பக்குவம்: வெங்காயம் கூடாது, கடுகு கூடாது, வாயில் ஒட்டுகிற இனிப்பு. அந்த இனிப்பைக் கண்டாலே அவளுக்கு வெறுப்பு. கல்யாணமான புதிதில் ஒரு தடவை பிறந்த வீட்டுப் பக்குவத்தில் செய்து வைத்தாள். ஓரின் திட்டவில்லை. ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை மெல்லத் தள்ளிவைத்தான். அவ்வளவுதான்.

நாத்தனார் ஹேசல் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, வெங்காயமெல்லாம் போட்டிருக்கீங்க? அண்ணனை இன்னும் மண்ணுல இறக்கலை."

"இத்தனை வருஷம் அவருக்குப் பிடிச்ச மாதிரி பண்ணேன் ஹேசல். இன்னிக்கு எனக்கு."

ஆராதனையில் போதகர் ஓரினின் பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பானையில் தண்ணீர் வற்றியிருக்குமே என்று வெர்னாவின் மனம் அடித்துக்கொண்டது. கல்லறையிலும் அதே நினைப்புதான். அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். ஓரினின் தம்பி மெர்ல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. அண்ணனுக்குக் கொடுத்துவைக்கல. இனி சனிக்கிழமைன்னா நான் இங்கேயே வந்துடறேன்."

ஹேசல்கூடத் தட்டை வழித்து நக்கினாள். ஒவ்வொருவராக விடைபெற்றுப் போனார்கள்.

கடைசியில் வெர்னா தனக்குப் பரிமாறிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றாள். கடுகு சுரீரென்று ஏறியது. இன்னொரு வாய் தின்று பார்த்தாள். பிறகு தட்டை மெல்லத் தள்ளிவைத்தாள்.

வெளியே கடைசிக் கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. எழுந்துபோய் அலமாரியைத் திறந்து கரும்புப்பாகு ஜாடியை எடுத்துவந்து, தட்டின் மேல் சாய்த்துப் பிடித்தாள். பாகு அவசரமில்லாமல் இறங்கியது.