மேலே இருந்த போல்ட்

பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்து நனைத்துத் துடைத்தும் அப்பாவின் வலது கை நகங்களிலிருந்து கிரீஸ் போகிற வழியாக இல்லை. மகன் ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்த்தான். மற்ற நாளாக இருந்தால் அப்பா கையைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்.

"விடுடா. கல்யாணத்தன்னைக்கே அந்தக் கையோடதான் வந்து உக்காந்தாரு," என்றாள் அம்மா. அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

யார் உள்ளே வந்தாலும் அத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். "அந்த ஓட்டைக் காருதான் எங்கண்ணனை முழுங்கிடுச்சு. ஓடாத காருக்குப் போய் உசிரை விட்டாரே!"

மெக்கானிக் மாமா அப்பாவின் பால்ய சிநேகிதர். நேற்றுக் காருக்கு அடியில் நெஞ்சடைத்துக் கிடந்தவரை வெளியே இழுத்தவரும் அவர்தான். மகன் பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஒண்ணு மட்டும் புரியலைப்பா. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேக்குற போல்ட்டையெல்லாம் நீதான் கழட்டிட்டியாமே. அப்புறம் எதுக்குக் கையை அவ்வளவு மேல விட்டிருந்தாரு? தோள் வரைக்கும் உள்ள மாட்டியிருந்துச்சு."

மகன் பஞ்சைக் கீழே வைத்தான். "மண்ணெண்ணெய் தீந்துடுச்சு மாமா," என்று எழுந்து கொட்டகைப் பக்கம் நழுவினான்.

எங்கே எல்லாவற்றையும் கழற்றினான்? கண்ணுக்கே தெரியாத இடுக்கில், உச்சியில் ஒன்று இருந்தது. கையை வளைத்துத் தடவித்தான் ஸ்பானர் போட வேண்டும். போல்ட் கழற்றிய அன்றைக்குத் தெருமுனையில் கூட்டாளிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முட்டிவலியால் அடியில் நுழைய முடியாத அப்பா, "ஆச்சாடா?" என்றார். "எல்லாம் ஆச்சுப்பா," என்றான். அதோடு விட்டானா மகராசன்? அட்டையில் படம் வரைந்து, கழற்றுகிற போல்ட்டை அதனதன் இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைப்பது அப்பாவின் வழக்கம். காலியாக இருந்த மேல் ஓட்டையில் பழைய டப்பாவிலிருந்து ஏதோ ஒரு போல்ட்டைச் செருகிவிட்டுப் போனான். அடுத்த வாரம் வந்து சத்தமில்லாமல் கழற்றிவிடலாம் என்ற நினைப்பு. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அப்பாதான் போன் செய்தார்.

"கியர்பாக்ஸ் அசைய மாட்டேங்குதுடா. ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

"துருவா இருக்கும்பா. நல்லா தட்டிப் பாருங்க."

வாய் கூசாமல் சொன்னான்.

கொட்டகையில் கார் கட்டைகள்மேல் அப்படியே நின்றது. பெஞ்சில் மண்ணெண்ணெய் டின். பக்கத்தில் அந்த அட்டை. மேல் ஓட்டை காலியாக இருந்தது. அவன் செருகிய போல்ட் பழையபடி டப்பாவுக்குள் கிடந்தது.

போட்டிருந்த சட்டையோடு தரையில் படுத்து உள்ளே நகர்ந்தான். கையை வளைத்து மேலே விட்டான். விரலில் முதலில் பட்டது ஸ்பானர். போல்ட்டின் தலையைக் கவ்வியபடி நின்றிருந்தது. தொட்டதும் லேசாகத் திரும்பியது. அப்பா இளக்கி முடித்திருந்தார்.

"நீயும் உள்ள போயிட்டியா?" அம்மாவின் பாதங்கள் தெரிந்தன. "வெளிய வாடா, எனக்கு பயமா இருக்கு."

"அம்மா, அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"என்னத்தைச் சொல்லுவாரு? பையனே வந்து பாக்கட்டும்னு நான்தான் சொன்னேன். 'அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான், துருதான் பிடிச்சிருக்கு, அவனைத் தொந்தரவு பண்ணாதே'ன்னு எம்மேலேயே எரிஞ்சு விழுந்தாரு."

அவனுக்கு அங்கேயே கிடந்துவிடலாம் போலிருந்தது.

டின்னோடு கூடத்துக்குத் திரும்பினான். பஞ்சை நனைத்து அப்பாவின் கையை எடுத்தான். இப்போது அவன் நகங்களிலும் அதே கிரீஸ் ஏறியிருந்தது.

"மாமா," என்றான். "மேல இருந்த போல்ட்டை நான் கழட்டவே இல்லை."

மாமா நிமிர்ந்து அவனையே பார்த்தார்.

"என்னவாம்?" என்றாள் பின்னால் வந்த அம்மா.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. துருதான், வேற என்ன," என்றார் மாமா.

பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கையிலிருந்த பஞ்சை வாங்கி, சிநேகிதரின் விரல்களைத் தானே துடைக்க ஆரம்பித்தார்.