லேசான சமையல் மட்டும்

…சுவரில் ஈரம் இல்லை, சன்னல் கிழக்குப் பக்கம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாக வருகிறது, இந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றுமே இல்லையே என்று வான் திங்குக்குப் பயமாக இருந்தது. குறை இருந்தால் நல்லது, கை நழுவிப் போகும்போது, போனால் போகட்டும், அந்த வீட்டில் கரப்பான் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இதுவரை பார்த்த பத்து வீட்டுக்கும் அப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லி மனசைத் தேற்றியாயிற்று, ஒன்றில் சாயங்கால வெயில், ஒன்றில் எதிர்வீட்டு நாய், ஒன்றில் பஸ் ஸ்டாப் தூரம்… இது பதினோராவது. வீட்டுக்காரி சுவா ஆன்ட்டி, இவளைப்போலவே சீனக்காரி, சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் ஒரு பெருமை அவளுக்கு. சிங்கப்பூரில், இந்தத் தோ பாயோவில் முப்பது வருஷம் குடியிருந்த வீடாம், இப்போது பக்கத்துப் பிளாக்கில் மகனோடு போய் இருக்கப் போகிறாளாம். பன்னிரண்டு மாடிக்குக் கீழே காப்பிக் கடையில் சுகுமாரன் உட்கார்ந்திருக்கிறான், கல்யாணம் பதிவு செய்து மூன்று மாதமான கணவன். மூன்று மாதமாக அவன் தன் அண்ணன் வீட்டு ஹாலில் படுக்கிறான், இவள் தன் அம்மாவோடு ஒரே அறையில் படுக்கிறாள், வேலை முடிந்து ரயில் நிலையத்தில் சந்தித்து எதையாவது சாப்பிட்டுவிட்டுக் காதலிக்கும்போது பிரிந்ததைப்போலவே பிரிகிறார்கள். சொந்தமாக வாங்க எழுதிப் போட்டிருக்கும் அரசாங்க வீடு கட்டி முடிய இன்னும் நான்கு வருஷம். அதுவரை இருக்க ஒரு வாடகை வீடு, அவ்வளவுதான் கேட்டது, அரண்மனையா கேட்டார்கள்?

முதலில் அவன்தான் போன் செய்துகொண்டிருந்தான். "ஹலோ, வாடகைக்கு வீடு இருக்குன்னு பாத்தேன், நான் இந்தியர், பரவாயில்லையா?" என்பான், வண்டி நிறுத்த இடம் இருக்கா என்று கேட்கிற அதே குரலில். முதல் முறை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, எதுக்கு சுகு நீயே சொல்ற, அவங்க கேட்டாங்களா? "கேக்கல திங். ஆனா நேர்ல போய் நிக்கும்போது மூஞ்சி மாறும். அதைப் பாக்க ஒரு மணி நேரம் பஸ்ல போகணுமா?" அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவேறு செய்தான். நீ எல்லாத்தையும் அந்தக் கண்ணாலேயே பாக்குற, அவங்க பயப்படுறது சுவத்துக்கும் பெயின்ட்டுக்கும், உனக்கு இல்ல என்று அவள் சண்டை போட்டாள், இனிமே நான் பேசுறேன், நீ சும்மா இரு என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் நினைப்பது தப்பு என்று அவனுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும், அதற்காகத்தான். காலையில் அவனிடம் வீடு போயிடுச்சு என்று சொன்ன ஒருத்தர் அன்று சாயங்காலமே அவளுக்குச் சாவியோடு வந்து கதவைத் திறந்து காட்டினார். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை… அவன் மனசு நோகுமென்றா, இல்லை, சண்டையில் தோற்றுப்போவோம் என்றா?

அப்புறம் வந்ததுதான் இந்த ஏற்பாடு, அதுவும் அவள் யோசனைதான். முதலில் தனியாக மேலே போவது, நன்றாகப் பேசி அவர்களுக்குத் தன்னைப் பிடிக்கவைப்பது, கடைசியில் மெதுவாக, என் வீட்டுக்காரர் இந்தியர் ஆன்ட்டி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார், குடிக்க மாட்டார், கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வர மாட்டார், சமைக்கவே தெரியாது… பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்கிறவள்போல் அவனை அடுக்கிக்கொண்டே போவாள். அவர்களும் சிரித்த முகம் மாறாமல், மகனிடம் கேட்டுச் சொல்றேன் என்பார்கள். பத்து வீட்டிலும் ஒரு மகன் இருந்தான், பத்து மகன்களும் வேண்டாம் என்றார்கள். சுகு பத்துப் பிளாக்குகளின் அடியில் சர்க்கரை போடாத கறுப்புக் காப்பி குடித்துக் காத்திருந்தான். எந்தக் கடையில் காப்பி எப்படியிருக்கும் என்று ஒரு புத்தகம் போடலாம் திங் என்றான் போன வாரம், அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும்" என்று சுவா ஆன்ட்டி அடுப்பு மேடையைத் துடைத்தாள், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "சமையல் லேசா இருக்கணும். சூப்பு, கொஞ்சம் கீரை வதக்குறது, அதெல்லாம் தாராளமா செஞ்சுக்க." லேசாத்தான் ஆன்ட்டி என்றாள் வான் திங். எல்லா விளம்பரத்திலும் அந்த வரி இருக்கிறது, லேசான சமையல் மட்டும். சுகுவுக்கு முட்டையை ஓடு விழாமல் உடைக்கத் தெரியாது. இவள்தான் பெலாச்சான் இறால் விழுதைப் போட்டு மிளகாய் வதக்குகிறவள், அம்மா வீட்டில் இவள் வாணலியை எடுத்தாலே எதிர்வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். என்னைப் பாத்துப் பயப்படுறாங்க, உண்மையில பயப்பட வேண்டியது உன் கரண்டிக்குத்தான் என்பான் சுகு. சிரித்துத் தொலைக்கத்தான் வேண்டும், அழுதால் மட்டும் வீடு கிடைத்துவிடுமா. ஆன்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும், "முன்னாடி நாலாவது வீட்ல ஒரு இந்தியக் குடும்பம் இருந்துச்சு. நல்ல ஜனங்கதான், குறை சொல்லக் கூடாது. ஆனா அந்த மசாலா வாசனை சுவத்துல ஏறிச்சுன்னா எறங்காது. உனக்குச் சொல்லணுமா, நம்ம ஆளுங்களுக்குத் தெரியாததா?" வான் திங்கின் தலை ஆடியது. அவள் ஆட்டவில்லை, அது தானாக ஆடியது, சின்ன வயசிலிருந்து ஆன்ட்டிகள் எது சொன்னாலும் ஆடிப் பழகிய தலை. நம்ம ஆளுங்க. நேற்று இந்த வார்த்தை காதில் விழுந்திருந்தால் அவளுக்கு அது ஒரு வார்த்தையாகவே பட்டிருக்காது.

எத்தனையோ விஷயம் அப்படி அவள் கண்ணில் படாமலே போயிருக்கிறது. பேரங்காடியில் இரண்டு பேரும் சேர்ந்து சாமான் எடுத்து வைப்பார்கள், கல்லாவில் இருக்கிற பெண் அவன் வைத்த ரொட்டிக்கும் இவள் வைத்த முட்டைக்கும் நடுவில் அந்தப் பிரிக்கிற கட்டையை எடுத்து வைப்பாள், வேறு வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டு. சுகு கட்டையை எடுத்து ஓரமாக வைப்பான். இரண்டு வருஷமாக வைத்திருக்கிறான், ஒரு நாள் அவனே சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது, நினைத்தால் உடம்பு கூசுகிறது. சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் விருந்துக்கு அவனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள். எல்லாருக்கும் சாப்பிடக் குச்சிகள் வைத்த அம்மா அவனுக்கு மட்டும் முள்கரண்டி தேடி எடுத்து வைத்தாள், அவன் அதாலேயே சாப்பிட்டான், இவளைவிட நன்றாகக் குச்சி பிடிக்கிறவன். மறுநாள் பெரியம்மாவிடம் அம்மா போனில் சொன்னாள், "பையன் பாக்க நல்லாத்தான் இருக்கான், அவ்வளவு ஒண்ணும் கறுப்பு இல்ல." வான் திங் சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் அதை அப்படியே அவனிடம் சொன்னாள்! அம்மா உன்னை ஏத்துக்கிட்டாங்க சுகு, நீ அவ்வளவு கறுப்பு இல்லன்னு பெரியம்மாகிட்ட சொன்னாங்க! பரீட்சையில் அவன் பாஸாகிவிட்டதைப்போல. அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான், அப்புறம், "சரி, நல்லது" என்றான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை. அவன் வீட்டிலும் அப்படித்தான், அவன் அம்மா இவள் கன்னத்தைத் தொட்டு, எவ்வளவு வெள்ளை, பேரப்பிள்ளைங்க தங்கமா இருக்கும் என்றார், இவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, சுகுவுக்குத்தான் முகம் இருண்டது, நிறத்தை விட்டுட்டு வேற பேச்சே கெடையாதாம்மா என்று எழுந்து போய்விட்டான். பாராட்டினால் எதற்கு இவனுக்குக் கோபம் வருகிறது என்று அன்று முழுக்க அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்டும் அவன் காதில் விழுந்தது வேறு, இவள் காதில் விழுந்தது வேறு… இதற்கு யாரைப் போய்க் குற்றம் சொல்வது, இரண்டு அம்மாக்களும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

"வீட்டுக்காரர் வரலையா?" என்றாள் ஆன்ட்டி. வேலை ஆன்ட்டி என்றாள் வான் திங். சனிக்கிழமையும் வேலையா, பாவம் என்று ஆன்ட்டி நிஜமாகவே வருத்தப்பட்டாள், அதுதான் தாங்கவில்லை, கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். வீட்டு ஏஜென்ட் முந்தாநாள் குறுஞ்செய்தியில் எத்தனை பேர், என்ன வேலை, என்ன இனம் என்று கேட்டிருந்தான், எல்லா ஏஜென்ட்டும் கேட்பதுதான். அவள் இரண்டு பேர் என்று எழுதினாள், வேலைகளை எழுதினாள், மூன்றாவதற்குச் சீனர் என்று எழுதினாள். தன்னைப் பற்றித்தான் எழுதினேன், பொய் இல்லையே என்று அனுப்பும்போது நினைத்துக்கொண்டாள். இப்போது, இந்த நிமிஷம், வாயைத் திறந்து சொல்லிவிடலாம், அவர் கீழேதான் இருக்கிறார் ஆன்ட்டி, அவர் பெயர் சுகுமாரன்… "உன் புருஷன் ஹொக்கியனா, தியோச்சூவா?" என்று கேட்டாள் ஆன்ட்டி, ஆன்ட்டிகள் எல்லாரும் எந்தச் சீனப் பையனைப் பற்றியும் முதலில் கேட்கிற கேள்வி, பூர்வீகம் சீனாவில் எந்த ஊர் என்று. இங்கயே பொறந்தவர் ஆன்ட்டி என்று மழுப்பினாள். "நாம எல்லாருமே இங்கதான பொறந்தோம், அதைக் கேக்கல, எந்த ஜனம்?" தியோச்சூ என்றாள் வான் திங். அவள் அப்பாதான் தியோச்சூ. செத்து ஆறு வருஷமான அப்பாவின் ஊரைத் தூக்கி அவனுக்குப் போட்டுவிட்டாள். ஆன்ட்டியின் முகம் மலர்ந்தது, அட, நானும் தியோச்சூதான், தியோச்சூ ஆம்பளைங்க பெண்டாட்டியைத் தாங்குவாங்க என்றாள், பத்து வீட்டில் கேட்காத வார்த்தை அப்போது வான் திங் காதில் விழுந்தது, "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு பொண்ணு, வேற யாருக்கும் காட்டப் போறதில்ல. திங்கக்கிழமை ரெண்டு பேர் அடையாள அட்டையும் எடுத்துட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

அடையாள அட்டையில் இனத்துக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. திங்கட்கிழமை அந்த வரியை ஆன்ட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பாள். தன் அட்டையை மட்டும் கொடுத்தால்… அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னால்… ஆன்ட்டி பக்கத்துப் பிளாக்கில்தானே இருக்கப் போகிறாள், வாசல் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்துபோவேன் என்கிறாளே, அவள் வரும்போதெல்லாம் சுகு எங்கே போவான், படுக்கையறையிலா, குளியலறையிலா, சொந்தப் பெண்டாட்டியோடு இருக்கிற வீட்டில்? என்ன நினைத்து இதைச் செய்தாய் வான் திங், என்ன நினைத்தாய்? எதையும் நினைக்கவில்லை, வீடு வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன், ஒரு நாளாவது அவன் பக்கத்தில் கண் விழிக்க வேண்டும் என்று… ஆன்ட்டி கதவைப் பூட்டினாள், நானும் மார்க்கெட்டுக்குத்தான் போகிறேன், சேர்ந்தே போகலாம் வா என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கை மெத்தென்று வெதுவெதுப்பாக இருந்தது.

மின்தூக்கியில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பதினொன்றில், ஆன்ட்டி ஒண்ணு சொல்லணும் என்று மனசுக்குள் ஆரம்பித்தாள், ஒன்பதில் ஒரு மலாய்க் குடும்பம் ஏறியது, ஆறில் ஆன்ட்டி தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், மூன்றில் அது முடியவில்லை, கதவு திறந்துவிட்டது. எதிரிலேயே காப்பிக் கடை. ஓரத்து மேசையில் மின்தூக்கியைப் பார்த்தபடி சுகு உட்கார்ந்திருந்தான், அவள் காலையில் தேய்த்துப் போட்டுக்கொள்ளச் சொன்ன அந்த வெள்ளைச் சட்டையில், ஒருவேளை மேலே கூப்பிட்டால் என்று. அவளைப் பார்த்ததும் அவன் முகம் சிரிக்கத் தொடங்கியது, நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அப்புறம் அவள் முழங்கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான், கைக்குரியவளைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது, நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு போனை எடுத்துக் குனிந்துகொண்டான், சனிக்கிழமை காலையில் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு இந்தியன். அவனிடம் யாரும் சொல்லித்தரவில்லை. அவள் ஒரு சைகைகூடக் காட்டவில்லை. அவன் மேசைக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஆன்ட்டி நின்றுவிட்டாள், "இந்தக் கடையில காப்பி ரொம்ப நல்லா இருக்கும், திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டதும் உன் புருஷனைக் கூட்டிட்டு வா, நான் வாங்கித் தரேன்." பட்டாளத்தில் இரண்டு வருஷம் சீனப் பையன்களோடு இருந்தவன் அவன், ஆன்ட்டி சீனத்தில் சொன்னதெல்லாம் அவனுக்கு நன்றாகவே புரியும். அவன் கட்டைவிரல் போனின் மேல் நகர்ந்துகொண்டே இருந்தது, திரையில் வெளிச்சமே இல்லை. சரி ஆன்ட்டி, கூட்டிட்டு வரேன் என்றாள் வான் திங், அவன் தலைக்கு மேலே. பிறகு நடந்தாள், ஆன்ட்டி கீரை விலையைப் பற்றி ஏதோ சொன்னாள், இவள் ஆமா ஆன்ட்டி என்றாள், நெஞ்சுக்குள்ளிருந்து அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வெளியே வந்தது… வெட்கமோ அழுகையோ வர வேண்டிய இடத்தில், நல்லவேளை, அவன் புரிந்துகொண்டான் என்று அத்தனை நிம்மதியாக வந்த அந்த மூச்சு தன்னுடையதுதான் என்று அடுத்த பிளாக்கைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.