திருப்பிச் சொல்லும் விதி

குடும்ப ஆலோசனை நிலையத்தில் காத்திருந்தபோது மனைவியின் போன் ஒளிர்ந்தது. திரையில் ‘கட்டிங் மாஸ்டர்’, அவள் வேலை பார்க்கும் தையல் யூனிட்டில் துணி வெட்டுபவர். அவள் வாய்க்குள் சிரித்ததைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அவள் பக்கம் சாய்ந்தார்.

“அப்படி என்ன சிரிப்பு? சொன்னா நானும் சிரிப்பேன்ல.”

“சொன்னா, ‘அவன் ஏன் உனக்கு அனுப்பறான்’னு கேப்பீங்க.” போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்றும் சரிவராவிட்டால் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி, துணிப்பையைக் கையோடு எடுத்து வந்திருந்தாள்.

உள்ளே ஆலோசகர் அம்மா ஒரே ஒரு விதி வைத்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஆமாம், அதுதான்’ என்ற பிறகே பதில் பேசலாம். சின்ன விதிதான். ஆனால் சண்டையில் எதிராளியின் வாய் அசையும்போதே நாம் பதிலைத் தீட்ட ஆரம்பித்துவிடுகிறோம். திருப்பிச் சொல்லியாக வேண்டுமென்றால் தீட்ட நேரம் ஏது?

மனைவி தொடங்கினாள். “தையல் யூனிட்ல சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தா எதுக்குச் சிரிச்சேன்னு விளக்கம் சொல்லணும். அதனால வீட்ல சிரிக்கிறதையே விட்டுட்டேன்.”

“அங்க இருக்கிறவங்களத்தான் இவளுக்குப் புடிக்குது.”

“நான் அப்படிச் சொல்லலயே.”

“இன்னொரு தடவ, சார்,” என்றார் ஆலோசகர்.

“அந்த மாஸ்டர் நல்லாப் பேசறான்...”

“அவர் பேச்சையே நான் எடுக்கலீங்க.”

மெக்கானிக்குக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. லிஃப்ட் கதவோரம் ஒரு சென்சார் கண் உண்டு. குறுக்கே ஆள் நின்றால் கதவு மூடாது. அந்தக் கண்ணில் தூசி படிந்தால், ஆளே இல்லாதபோதும் ஆள் நிற்பதாக நினைத்துக் கதவு திறந்து திறந்து மூடும். லிஃப்ட் நகராது. நேற்றுகூடத் துணியால் துடைத்துவிட்டு வந்திருந்தார்.

“வீட்ல சிரிக்க...” மனைவி பக்கம் திரும்பினார். “உனக்குப் பயமா இருக்கு.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஆமாம். அதுதான்.”

“இப்ப நான் சொல்லவா? நீ சிரிக்கிற எடத்துல நான் இல்லயேன்னுதான் பொறாம.”

“நான் சிரிக்கிறப்போ நீங்களும் கூட இருக்கணும்,” என்று திருப்பிச் சொன்னாள். போனை அவர் பக்கம் நகர்த்தினாள். மாஸ்டர் அனுப்பிய படத்தில், பொம்மைக்கு மாட்டியிருந்த சட்டையில் இரண்டுமே இடது கை. “மாஸ்டர் வெட்டின லட்சணம். யூனிட்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்கார்.”

அவர் சிரித்துவிட்டார். எழுந்தபோது துணிப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஆலோசகரிடம் சொன்னார்:

“பாசம் இருந்தாப் போதும்னு நெனச்சேன், மேடம். பாசம் இருக்கிறவனுக்குத்தான் காது இன்னும் நல்லாக் கேக்கணும்போல.”