தோள் கொடுக்காதவர்

அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசக் குனிந்த துஷாந்தினி, மேலே பல்பின் வெளிச்சம் பளீரென்று கூடியதைக் கண்டு கையை நிறுத்தினாள்.

"அம்மா, கரண்டு ஏறுது."

"ஓடு," என்றாள் அம்மா அழுகைக்கு நடுவே. "ஒங்கப்பா இருந்தா ஓடியிருப்பாரு."

லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயங்களின் நாற்பது வீடுகளுக்கும் மின்சாரம் ஓடைத் தண்ணீர் சுழற்றும் மெஷினிலிருந்துதான். அந்த மெஷினைக் கட்டி மேய்த்தவர் அவள் அப்பா சிவஞானம். அவள் ஓடி நுழைந்தபோது பவர்ஹவுசில் வோல்ட் காட்டும் ஊசி இருநூற்று ஐம்பதைத் தாண்டியிருந்தது. மிஞ்சும் மின்சாரத்தைத் தின்று பீப்பாய்த் தண்ணீரைச் சுடவைக்கும் கம்பி எரிந்துபோய்ப் பல வருடமாயிற்று. அதிலிருந்து வால்வைக் கையால் பிடித்துத் தண்ணீரைக் குறைத்தால்தான் உண்டு. நிறுத்திவிடவும் வழியில்லை. கீழ் லயத்து விஜயலெட்சுமி அக்காவுக்கு மூச்சு மெஷினில்தான் ஓடுகிறது. மின்சாரம் கூடினால் அதுவும் கருகிவிடும்.

மழைகூட இல்லையே, ஏன் ஏறுகிறது? ஊசி ஒரேயடியாக ஏறவில்லை. கொஞ்சம் நின்று, கொஞ்சம் ஏறி, வீடு வீடாக ஏறியது. அப்போதுதான் பிடிபட்டது. சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் டீவியை அணைப்பார்கள், ரைஸ் குக்கர்கூடப் போடமாட்டார்கள்; செலவாகாத மின்சாரம் மிஞ்சி ஏறும். அப்பாவுக்குக் காட்டும் மரியாதைதான் ஊசியில் ஏறிக்கொண்டிருந்தது.

எந்தச் சாவுக்கும் அப்பா தோள் கொடுத்ததில்லை. போன வருடம் வேலாயி அத்தை போனபோதும் வரவில்லை. அன்றிலிருந்து அத்தையின் புருஷன் கந்தப்பன் மாமா அவரோடு பேச்சை விட்டுவிட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று அவளும்தான் நினைத்திருந்தாள். இப்போது வெட்கமாக இருந்தது.

சாவு ஊர்வலத்தின் தப்பு மேளச் சத்தம் நெருங்கியது. வாய்க்கரிசி போடாமலே அப்பாவை அனுப்பிவிடுவேனோ என்று வால்விலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள். ஊசி துள்ளியது, மறுபடி பிடித்தாள்.

பவர்ஹவுஸ் வாசலில் பாடையை இறக்கினார்கள். அம்மா கொடுத்தனுப்பிய அரிசித் தட்டோடு கந்தப்பன் மாமா உள்ளே வந்தார்.

"இங்க என்னம்மா செய்யிற?"

"எல்லாரும் டீவிய நிப்பாட்டிட்டாங்க மாமா. கைய எடுத்தா அக்காவோட மெஷின் எரிஞ்சிரும்."

அவர் ஊசியையே பார்த்தார். "வேலாயி போன அன்னைக்கும் இதானா?"

அவள் தலையாட்டினாள்.

"எதுல நிக்கணும்?"

"எரநூத்தி முப்பதுல."

தட்டைக் கொடுத்துவிட்டு வால்வை வாங்கிக்கொண்டார். அவள் வெளியே போய் அப்பாவின் வாயில் மூன்று முறை அரிசி இட்டாள்.

"கந்தப்பண்ணே, தோளு," என்று வெளியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"நீங்க தூக்குங்க," என்றார் அவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.